கடைசி பெஞ்சுல வந்து உக்காராம ஒரு வாத்தியாரை எப்படி எடை போடுவீங்க

போன மாசம் எங்க காலேஜ்ல ஃபீட்பேக் எடுத்தாங்க. செமஸ்டர் முடியறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு மதியம் பசங்களை கிளாஸ் கிளாஸா கம்ப்யூட்டர் லேபுக்கு கூட்டிட்டுப் போவாங்க, ஆறு பேப்பர், பேப்பருக்கு ஒரு ஸ்டாஃப், ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் 15 கேள்வி, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும், முடிச்சாத்தான் ஹால் டிக்கெட் டவுன்லோட் ஆகும். அன்னிக்கு லேப் டியூட்டி எனக்கு. முதல் வரிசைல ஒரு பொண்ணு எல்லாத்துக்கும் அஞ்சு, மவுஸ் கீழ இறங்கிட்டே இருக்கு, கேள்வி என்னன்னு கண்ணு பார்க்கவே இல்ல, 90 கேள்வியும் நாலு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடுச்சு. அவளுக்குப் பக்கத்துல இருந்த பையன் எல்லாத்துக்கும் மூணு. ஏம்ப்பா எல்லாருக்கும் மூணுன்னு கேட்டேன், "நடுவுல போட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க சார்"னான்.

மூணாவது வரிசைல ஒருத்தன் மட்டும் ஒரு கேள்வில நின்னுட்டான். 'ஆசிரியர் உரிய முன்தயாரிப்புடன் வகுப்புக்கு வருகிறாரா?' அவன் என்னைக் கூப்பிட்டு கேட்டது அப்படியே மனசுல நிக்குது. "சார், மேம் தயார் பண்ணிட்டு வந்தாங்களா இல்லையான்னு எனக்கு எப்படி சார் தெரியும்? எனக்கு அந்தப் பாடமே இப்பத்தானே தெரியும்."

நான் ஒண்ணும் சொல்லல. உனக்குத் தோணறதைப் போடுப்பான்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். ஆனா அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அந்தக் கேள்வி விடல. ஒரு எய்டட் காலேஜ்ல 18 வருஷமா மேத்ஸ் எடுக்கறேன், அதுல ஆறு வருஷம் ஐக்யூஏசி, அதாவது காலேஜோட தரத்தைக் கவனிக்கற உள்குழு, அந்த வேலையும் பார்க்கறேன், இந்த மார்க்கையெல்லாம் கூட்டி சராசரி போட்டு 4.3, 4.1னு பட்டியல் தயார் பண்றதே நான்தான். 4.1 வாங்கினவரை ஹெச்ஓடி கூப்பிட்டு "என்ன சார் இந்த தடவை இறங்கியிருக்கு"ன்னு கேப்பார், அவரும் அடுத்த செமஸ்டர் இன்டர்னல்ல கொஞ்சம் தாராளமா மார்க் போடுவார், சராசரி 4.4 ஆயிடும். கிளாஸ்ல என்ன மாறுச்சு? எதுவுமே மாறல.

எங்க அம்மா பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தாங்க. இன்ஸ்பெக்‌ஷன்னா முந்தின நாள் ராத்திரி தூங்க மாட்டாங்க, ஏன்னா கல்வி அதிகாரி ஏஇஓ வந்து நேரா கிளாஸ்ல உக்காருவார், ஒரு பையனை எழுப்பி வாசிக்கச் சொல்லுவார், நோட்டை வாங்கிப் புரட்டுவார். அந்த முறைல பயம் ஜாஸ்தி, அதுல இருந்த அதிகாரத்தை நான் நல்லதுன்னு சொல்ல வரல. ஆனா ஒரு விஷயம் இருந்துச்சு, எங்க அம்மா பாடம் நடத்தறதை இன்னொரு பெரியவங்க கண்ணால பார்த்தாங்க. நான் 18 வருஷத்துல எத்தனை ஆயிரம் மணி நேரம் கிளாஸ் எடுத்திருப்பேன், ஒரு தடவைகூட என் பாடத்தைப் புரிஞ்ச ஒருத்தர் பின்னாடி உக்காந்து முழுசா கேட்டதில்ல. காலேஜுக்கு தரச் சான்று கொடுக்கற நாக்லேர்ந்து பியர் டீம் வந்தப்ப கதவுகிட்ட ரெண்டு நிமிஷம் நின்னாங்க, அவ்வளவுதான். இன்னொண்ணும் சொல்லணும், பள்ளிக்கூடத்துல வேலை பார்க்க பி.எட் மாதிரி ஆசிரியர் பயிற்சி வேணும், காலேஜ்ல வேலை பார்க்க பாடம் நடத்தத் தெரியுமான்னு யாரும் பார்க்கறதில்ல, நெட்ங்கற தகுதித் தேர்வோட முதல் பேப்பர்ல டீச்சிங் ஆப்டிட்யூட்னு சில கேள்வி வரும், அதுக்கு விடையைக் கிளிக் பண்ணிட்டா போதும்.

சரி, அப்ப காலேஜ் வாத்தியாரோட தரத்தை எப்படித்தான் பார்க்கறாங்க? இது வெளியில இருக்கறவங்களுக்கு அவ்வளவா தெரியாது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

2010-ல யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு விதிமுறை கொண்டு வந்துச்சு, அதுல வந்ததுதான் ஏபிஐங்கற மதிப்பெண் முறை. ப்ரமோஷனுக்கு எல்லாத்துக்கும் பாயின்ட். மூணு வகை: முதல் வகை கற்பித்தல், ரெண்டாவது காலேஜ் வேலைகள், மூணாவது ஆராய்ச்சி. முதல் வகைக்கு 125, அதுல வருஷத்துக்கு 75 எடுத்தா போதும். அந்த 125 எப்படி வருதுன்னா, எடுத்த வகுப்புகளுக்கு 50, கூடுதலா எடுத்த மணி நேரத்துக்கு 10, பாடப் பொருள் தயாரிச்சதுக்கு 20, புதுமையான முறைகளுக்கு 20, பரீட்சை வேலைக்கு 25. எல்லாத்தையும் அவங்கவங்களே எழுதிக்கணும். 'புதுமையான முறை'ன்னா பவர்பாயின்ட் போட்டேன்னு எழுதினாலும் போதும். எனக்குத் தெரிஞ்சு அந்த முதல் வகைல ஃபெயில் ஆன ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்ல, எல்லாருமே 100-க்கு மேல. எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கற மார்க்குக்கு மரியாதை ஏது, அதனால மொத்த போட்டியும் மூணாவது வகைக்கு ஓடிடுச்சு. ரெஃபரி, அதாவது துறை தெரிஞ்ச வேற ஒருத்தர், படிச்சுப் பார்த்துப் போடற ஜர்னல்ல ஒரு பேப்பருக்கு 15, அப்படி இல்லாத ஆனா ஐஎஸ்எஸ்என்ங்கற பதிவு எண் இருக்கற ஜர்னலுக்கு 10.

அதுக்கப்புறம் நடந்தது நாடறிஞ்ச கதை. பணம் கட்டினா ஒரு வாரத்துல பேப்பர் போடற ஜர்னல்கள் காளான் மாதிரி முளைச்சுச்சு. 2017-ல யுஜிசி ஒரு அங்கீகாரப் பட்டியல் போட்டாங்க, புனே பல்கலைக்கழகத்து ஆட்கள் உள்ளிட்ட குழு அதுல பல்கலைக்கழகங்கள் சிபாரிசு பண்ணின ஜர்னல்கள்ல 1,009-ஐ எடுத்துப் பார்த்தா 88 சதவீதத்துக்கு மேல தரமில்லாதது, 2018-ல கரன்ட் சயின்ஸ்ல அது வந்துச்சு. அதே வருஷம் மே மாசம் யுஜிசியே 4,305 ஜர்னலை ஒரே நாள்ல பட்டியல்லேர்ந்து எடுத்தாங்க. அப்புறம் கேர் லிஸ்ட்னு புது ஜர்னல் பட்டியல் ஒண்ணு வந்துச்சு, அதையும் 2025 பிப்ரவரில நிறுத்திட்டாங்க. இதுல எனக்கு வலிக்கற இடம் போலி ஜர்னல் மட்டும் இல்ல. அந்த எட்டு பத்து வருஷம் எங்க வயசு ஆட்கள் சாயங்கால நேரத்தை எதுல போட்டோம்? நாளைக்கு கிளாஸ்ல இந்த தேற்றத்தை எப்படி சொன்னா புரியும்னு யோசிக்க வேண்டிய நேரத்தை, யாரும் படிக்காத பேப்பருக்கு ஃபார்மேட் மாத்தறதுல போட்டோம். நானும் போட்டேன். அந்த பேப்பர்கள்ல ரெண்டை இப்ப என் பயோடேட்டாவுல காட்டறதே இல்ல.

2018-ல விதிமுறையை மாத்தினாங்க. பாயின்ட் கணக்கு வேண்டாம், எளிமையாக்கறோம்னு சொன்னாங்க. எளிமைதான். கற்பித்தலுக்கு ஒரே ஒரு அளவுகோல்: உங்களுக்குக் கொடுத்த வகுப்புல எத்தனை சதவீதம் எடுத்தீங்க. 80-க்கு மேலன்னா 'நன்று', 70-லேர்ந்து 80-க்குள்ளன்னா 'திருப்தி', 70-க்கு கீழன்னா 'திருப்தி இல்லை'. இதைப் படிச்சப்ப நான் ரெண்டு மூணு தடவை மறுபடி படிச்சேன், ஏதாவது விட்டுட்டேனோன்னு. ஒண்ணும் விடல. கிளாஸுக்குப் போனீங்களா, அதுதான் கேள்வி, போய் என்ன பண்ணினீங்கன்னு கேக்கவே இல்ல. பத்து வருஷத்து மஞ்சள் நோட்டை அப்படியே டிக்டேட் பண்றவரும் 'நன்று', ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் தயார் பண்ணிட்டு வர்றவரும் 'நன்று'. ஒரு பேங்க்ல கேஷியர் சீட்ல உக்காந்திருந்த நேரத்தை மட்டும் எண்ணிட்டு கேஷ் டேலி ஆச்சான்னு பார்க்காம விடுவாங்களா?

ஆனா காலேஜ்ல ப்ரொஃபசர் ஆகணும்னா மட்டும் பத்து பேப்பர் வேணும், ஆராய்ச்சி மதிப்பெண் 110 வேணும், அங்க கணக்கு ரொம்ப துல்லியம். புதுசா வேலைக்கு ஆள் எடுக்கறப்ப போடற பட்டியல்ல பாடம் நடத்தின அனுபவத்துக்கு வருஷத்துக்கு ரெண்டு மார்க், அதிகபட்சம் பத்து, எப்படி நடத்தினார்ங்கறதுக்கு அந்தப் பட்டியல்ல ஒரு வரிகூட கிடையாது.

ரேங்கிங் பக்கம் போனாலும் இதேதான். மத்திய அரசோட ரேங்கிங் என்ஐஆர்எஃப் 2016-லேர்ந்து வருது, பேப்பர்ல முழுப் பக்க விளம்பரம் பார்த்திருப்பீங்க. அதுல 'கற்பித்தல், கற்றல், வளங்கள்'னு ஒரு தலைப்பு, காலேஜ்களுக்கு 40 சதவீத வெயிட். கேக்கவே சந்தோஷமா இருக்கும். உள்ள திறந்து பார்த்தா எத்தனை மாணவர்கள், ஆசிரியர் மாணவர் விகிதம், எத்தனை பேர் பிஎச்டி, எத்தனை வருஷ அனுபவம், எவ்வளவு பணம் செலவு பண்றீங்க. எல்லாம் தேவையானதுதான், ஒரு வாத்தியாருக்கு 80 பசங்கன்னா யாரால நடத்த முடியும். ஆனா இதுல எதுவுமே பாடம் நடத்தறது இல்ல. அடுப்பு, பாத்திரம், சமையல்காரர் சர்டிஃபிகேட் எல்லாம் எண்ணிட்டு சோத்தை ஒரு வாய்கூட சாப்பிட்டுப் பார்க்காம வர்றதுதான் இது.

நாக்ல நேரடியா மாணவர்களைக் கேக்கறாங்க, மாணவர் திருப்தி சர்வேன்னு, 21 கேள்வி, முதல் கேள்வியே சிலபஸ்ல எவ்வளவு முடிச்சாங்க, 85 முதல் 100 சதவீதமான்னு. மெயில் வர்றதுக்கு முந்தின நாளே கிளாஸ் ரெப்பைக் கூப்பிட்டு "எல்லாருக்கும் சொல்லிடுப்பா"ன்னு சொன்ன மீட்டிங்ல நானும் உக்காந்திருந்தேன். அப்ப எழுந்து வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அதை இங்கயாவது பதிவு பண்ணனும்னு தோணுச்சு.

இப்ப என் கலீக் ஒருத்தங்களைப் பத்தி சொல்லணும், இந்தப் பதிவே அவங்களாலதான் எழுதறேன். பேரு வேண்டாம், மேடம்னே சொல்றேன். என்னைவிட ஏழு வருஷம் சீனியர். ஃபர்ஸ்ட் இயர் கால்குலஸ் அவங்கதான் எடுப்பாங்க. எங்ககிட்ட வர்ற பசங்கள்ல முக்கால்வாசி தமிழ் மீடியம், சுத்துவட்டார கிராமம், ப்ளஸ் டூல கணக்கை மனப்பாடம் பண்ணி வந்தவங்க. போன ஆகஸ்ட்ல அவங்ககிட்ட கேட்டுட்டு கடைசி பெஞ்சுல போய் உக்காந்தேன். லிமிட் ஆரம்பிக்கற நாள். போர்டுல எழுதினாங்க, மேல எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4, கீழ எக்ஸ் மைனஸ் 2, எக்ஸ் ரெண்டை நெருங்கும்போது. ஒரு பையனை எழுப்பி தமிழ்ல வாசிக்கச் சொன்னாங்க. அவன் "எக்ஸ் ஈக்குவல் டு ரெண்டு"ன்னான். அப்படிப் போட்டா மேலயும் பூஜ்யம் கீழயும் பூஜ்யம், அவனே போட்டுப் பார்த்துட்டு முழிக்கறான்.

நானா இருந்தா அங்கேயே "தப்பு, டெண்ட்ஸ் டூ, நெருங்குதுன்னு சொல்லு" அப்படின்னு திருத்திட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன். அவங்க போகல. "நீ எந்த ஊர்லேர்ந்து வர்ற"ன்னு கேட்டாங்க. ஆத்தூர் பக்கம்னான். "பஸ் ஆத்தூரை நெருங்கிடுச்சுன்னு போன்ல சொல்றே, அப்ப நீ ஆத்தூர்ல இருக்கியா?" "இல்ல மேம், இன்னும் வரல." "அப்ப எக்ஸ் ரெண்டை நெருங்குதுன்னா எக்ஸ் ரெண்டா?" கிளாஸே அமைதியாச்சு. அப்புறம் அவங்க கேட்டதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. "சரி, ஆத்தூருக்கு அரை கிலோமீட்டர் முன்னாடி பாலம் உடைஞ்சு போச்சு, பஸ் உள்ள போகவே முடியாது. அந்த ரோடு எந்த ஊருக்குப் போற ரோடு?" பின் பெஞ்ச்லேர்ந்து ஒரு பொண்ணு சத்தமா, "ஆத்தூருக்குத்தான் மேம்." "பஸ் போகாட்டியும்?" "போகாட்டியும்." உடனே போர்டுக்குத் திரும்பி, ரெண்டுல இந்த ஃபங்ஷனுக்கு மதிப்பே கிடையாது, பாலம் உடைஞ்சிருக்கு, ஆனா 1.9 போடு, 1.99 போடு, 2.01 போடு, எங்க போகுதுன்னு பாருன்னாங்க. பசங்க கால்குலேட்டர் எடுத்துப் போடறாங்க, 3.9, 3.99, 4.01. "நாலு மேம்", "நாலு"ன்னு அங்கங்க குரல். அதுக்கப்புறம்தான் காரணிப்படுத்தி காட்டினாங்க.

முழு ஒரு மணி நேரம், ஒரே ஒரு கணக்கு. லாக் புக்ல என்ன எழுதுவாங்க? 'யூனிட் 1, லிமிட், அறிமுகம்'. பக்கத்து செக்‌ஷன்ல அதே மணி நேரத்துல ஒன்பது கணக்கு போட்டிருந்தாங்க. சிலபஸ் முடிச்ச சதவீதம்னு பார்த்தா மேடம் எப்பவுமே பின்தங்கிதான் இருப்பாங்க, ஃபீட்பேக்ல 'வேகம்' அப்படிங்கற கேள்வில அவங்களுக்கு எப்பவும் மார்க் குறையும், அவங்க சராசரி 3.8, டிபார்ட்மென்ட்லயே கீழ. நான் தயார் பண்ற பட்டியல்ல அவங்க பேரு கடைசில. ஏபிஐ காலத்துல மூணாவது வகைல பாயின்ட் பத்தாம அவங்க ப்ரமோஷன் ரெண்டு வருஷத்துக்கு மேல தள்ளிப் போச்சு. இப்ப ப்ரொஃபசர் ஆக பத்து பேப்பர் வேணும், அவங்ககிட்ட நாலு இருக்கு, நாலும் உண்மையான பேப்பர்.

நான் ஐக்யூஏசில இருக்கறதால ஒண்ணு பண்ணிப் பார்த்தேன். மூணாவது செமஸ்டர்ல ரியல் அனாலிசிஸ் நான் எடுக்கறேன், ரெண்டு செக்‌ஷனும் என்கிட்டதான் வருது. இன்டர்னல் பேப்பரைத் திருத்தும்போது யாரு மேடம்கிட்ட படிச்சு வந்தவங்க, யாரு பக்கத்து செக்‌ஷன்னு பிரிச்சு வச்சுப் பார்த்தேன். இது ஆய்வு இல்ல, ஒரு வருஷத்து ரெண்டு கட்டு பேப்பர், இதை வச்சு நான் எதையும் நிரூபிக்க வரல. ஆனா மேடம்கிட்ட வந்த பசங்க பேப்பர்ல ஒவ்வொரு வரியிலயும் லிமிட் குறியை விடாம எழுதியிருந்தாங்க, கடைசி வரில மதிப்பு வந்தப்பத்தான் அதை எடுத்திருந்தாங்க. அது சாதாரண விஷயம் மாதிரி தெரியும், கணக்கு வாத்தியார்களைக் கேட்டுப் பாருங்க, அதுதான் புரிஞ்சவனுக்கும் புரியாதவனுக்கும் நடுவுல இருக்கற கோடு.

அப்புறம்தான் ஒரு அமெரிக்க ஆய்வு ஞாபகம் வந்துச்சு. அங்க விமானப்படை அகாடமில எந்த மாணவன் எந்த வாத்தியார்கிட்ட போறான்கறதை குலுக்கல் மாதிரிதான் போடுவாங்க, எல்லாருக்கும் ஒரே சிலபஸ், ஒரே கொஸ்டின் பேப்பர், அடுத்த கோர்ஸும் கட்டாயம். வாத்தியாரை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கேரல், வெஸ்ட்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் பத்தாயிரத்துக்கும் மேல மாணவர்களோட கணக்கை எடுத்துப் பார்த்து 2010-ல எழுதினாங்க. முதல் கால்குலஸ் கோர்ஸ்ல எந்த வாத்தியாரோட பசங்க நல்ல மார்க் வாங்கினாங்களோ அந்த வாத்தியாருக்குத்தான் ஃபீட்பேக்கும் தூக்கலா வந்துச்சு. ஆனா அதே பசங்க அடுத்தடுத்த கடினமான கோர்ஸ்ல பின்தங்கினாங்க. அனுபவம் அதிகமா இருந்த வாத்தியார்கள்கிட்ட படிச்சவங்க முதல்ல மார்க் கம்மி, பின்னாடி மேல வந்தாங்க. அதாவது பரீட்சைக்கு நடத்தினவருக்கு அப்ப கைதட்டு, பாடத்தை நடத்தினவரோட பலன் ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியுது, அதுவும் வேற ஒருத்தர் கிளாஸ்ல. இதைப் படிச்சிட்டு மேடம்கிட்ட போய் சொன்னேன், அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அப்ப எனக்கு மட்டும் தோணினது இல்ல"ன்னு சொன்னாங்க.

இன்னொரு சின்ன ஆய்வும் சொல்லிடறேன், பெண் ஆசிரியர்கள் இதைக் கேட்டா ஆச்சரியப்பட மாட்டாங்க. 2015-ல வெளியானது, அமெரிக்காவுல ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல ஒரு ஆணும் ஒரு பெண்ணும் நடத்தினாங்க, முகம் தெரியாது, பாதி பசங்களுக்கு பேரை மாத்திச் சொன்னாங்க. உண்மைல யாரு நடத்தினாலும் ஆண்னு நினைச்ச ஆளுக்கு மார்க் ஜாஸ்தி. பேப்பரை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திருப்பிக் கொடுத்தும்கூட, 'சீக்கிரம் கொடுத்தார்'ங்கறதுல ஆண் பேருக்கு கூட. எங்க காலேஜ்ல இதைக் கணக்கெடுத்தா என்ன வரும்னு யாரும் பார்த்ததில்ல. பார்க்கணும்.

2018-ல டொரன்டோவுல ரையர்சன் பல்கலைக்கழகத்துல ஆசிரியர் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இதே சண்டை, நடுவர் தீர்ப்பு கொடுத்தார்: மாணவர் ஃபீட்பேக் மாணவர்களோட அனுபவத்தைச் சொல்லும், ஆனா ஒருத்தர் எவ்வளவு நல்லா கற்பிக்கறார்னு அளக்க, அதை வச்சு ப்ரமோஷன் முடிவு பண்ண அதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு. என் லேப்ல அந்தப் பையன் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

அதுக்காக பசங்களைக் கேக்கவே கூடாதுன்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. பசங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச விஷயம் நிறைய இருக்கு. நேரத்துக்கு வர்றாரா, சந்தேகம் கேட்டா எரிஞ்சு விழறாரா, ஜாதியைக் கேக்கறாரா, தமிழ் மீடியம் பசங்களை நக்கல் பண்றாரா, பொண்ணுங்ககிட்ட ஒழுங்கா நடந்துக்கறாரா, எழுதறது பின் பெஞ்சுக்குத் தெரியுதா. இதுக்கெல்லாம் அவங்க சாட்சிதான் முதல் சாட்சி. அதைக் கேக்கறோமா? எங்க 15 கேள்வில இதுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பாடத்தோட ஆழம் பத்தி தெரியாதவங்ககிட்ட கேக்கறோம், தெரிஞ்சதைக் கேக்கறதில்ல.

வெகுமதின்னு வந்தா இன்னும் கஷ்டமா இருக்கு. செப்டம்பர் 5 வந்தா நல்லாசிரியர் விருது, அது பள்ளி ஆசிரியர்களுக்கு. தேசிய விருதுல காலேஜ், பல்கலைக்கழக ஆசிரியர்களைச் சேர்த்ததே 2023-லதான், அந்த வருஷம் 13 பேர். இத்தனை பெரிய நாட்டுக்கு 13. விருது நல்லதுதான், வாங்கினவங்களுக்கு வாழ்த்து, ஆனா நான் பேசறது அது இல்ல. அரசு கலைக் கல்லூரிகள்ல பாதி பாடத்தைத் தாங்கறவங்க கௌரவ விரிவுரையாளர்கள். 2019-ல யுஜிசி சொன்னது ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாசம் 50,000 வரைக்கும். இங்க ரொம்ப வருஷமா அவங்க கைக்கு வந்தது அதுல பாதி, இல்ல அதுக்கும் கீழ. அவங்கள்ல அருமையா நடத்தறவங்களை எனக்குத் தெரியும், எட்டு வருஷம் பத்து வருஷம் ஒரே இடத்துல, பசங்க வேலைக்குப் போய் திரும்பி வந்து கால்ல விழறாங்க. அடுத்த வருஷம் வேலை இருக்குமான்னு தெரியாத ஒருத்தர்கிட்ட போய் கற்பித்தல் தரம்னு பேச எனக்கு வாய் வரல. முதல் வெகுமதி மாசச் சம்பளம்தான்.

2025 ஜனவரில யுஜிசி புது வரைவு விட்டாங்க. துணைவேந்தர் நியமனம் பத்தித்தான் இங்க பெரிய சண்டை, சட்டசபைல தீர்மானமே போட்டாங்க, அது நியாயமான கவலை. அந்த சத்தத்துல ஒரு பகுதி கவனிக்கப்படாம போச்சு. பாயின்ட் அட்டவணைக்குப் பதிலா ஒன்பது வகை பங்களிப்பு, அதுல நாலு காட்டணும். ஒன்பதுல 'புதுமையான கற்பித்தல்' ஒண்ணு, 'இந்திய மொழிகள்ல கற்பித்தல்' ஒண்ணு. படிச்ச உடனே எனக்கு மேடம் ஞாபகம்தான் வந்துச்சு, ஆத்தூர் பஸ்ஸை வச்சு லிமிட் சொல்றது இதுல வராம எதுல வரும்? ஆனா அதை யாரு பார்த்து முடிவு பண்ணுவாங்கங்கறதுதான் கேள்வி. இன்னொரு ஃபைல், எடுத்த இடம் பதிஞ்ச இன்னொரு ஜியோடேக் போட்டோன்னு போனா மறுபடி காளான் முளைக்கும். புதுமையான கற்பித்தலுக்கு சர்டிஃபிகேட் கொடுக்கறேன்னு கடை திறக்க எத்தனை நாள் ஆகும்?

எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, அதே பாடம் தெரிஞ்சவங்க போய் உக்காந்து பார்க்கறதுதான். ஒரு நாள் இல்ல, ஒரு செமஸ்டர்ல நாலஞ்சு தடவை. கூடவே அவர் கொடுத்த அசைன்மென்ட்டையும் திருத்தின பேப்பரையும் வாங்கிப் பார்க்கணும், ஒரு வாத்தியார் சிவப்பு மையில என்ன எழுதறார்ங்கறதுல பாதி தெரிஞ்சுடும். மூணு வருஷம் முன்னாடி படிச்சிட்டுப் போனவங்களைக் கூப்பிட்டு யாரு நடத்தினது இன்னும் நிக்குதுன்னு கேக்கணும். அடுத்த செமஸ்டர் எடுக்கறவரைக் கேக்கணும், யாருகிட்டேர்ந்து வர்ற பசங்களுக்கு அடிப்படை இருக்குன்னு. இதுக்கு நேரம் ஆகும், சராசரி போட முடியாது, எக்செல்ல ஏத்த முடியாது, அதனாலதான் யாரும் செய்யறதில்ல. காழ்ப்புணர்ச்சில எழுதிடுவாங்களேன்னு கேப்பீங்க, அந்தப் பயம் நியாயம், எங்க டிபார்ட்மென்ட் அரசியல் எனக்குத் தெரியாததா. அதனாலதான் ஒருத்தர் எழுதினது போதாது, வெளி காலேஜ்லேர்ந்து ஒருத்தர் வரணும், எழுதினதை அந்த வாத்தியாருக்குக் காட்டணும், அவர் பதில் எழுத இடம் விடணும்.

பெருசா பேசறதை விட்டுட்டு நாங்க நாலு பேர் ஜனவரிலேர்ந்து சும்மா ஆரம்பிச்சோம். யாருக்கும் ரிப்போர்ட் கிடையாது, ஐக்யூஏசிக்கும் கிடையாது, மாசம் ஒரு தடவை ஒருத்தர் கிளாஸ்ல இன்னொருத்தர். முடிஞ்சதும் கேன்டீன்ல டீ, பார்த்ததைச் சொல்லணும், அவ்வளவுதான் ஒப்பந்தம். என் கிளாஸுக்கு மேடம் வந்தாங்க. நான் நல்லாத்தான் நடத்தினேன்னு நினைச்சேன். டீ ஆறிப் போற வரைக்கும் பேசாம இருந்தாங்க, அப்புறம் "சார், நீங்க கேள்வி கேக்கறீங்க, பதிலுக்கு எத்தனை செகண்ட் விடறீங்கன்னு எண்ணினேன், ரெண்டு. ரெண்டு செகண்ட்ல நீங்களே பதில் சொல்லிடறீங்க. இடது பக்கம் ஜன்னலோரம் ஒரு பொண்ணு மூணு தடவை வாயைத் திறந்துச்சு"ன்னாங்க. 18 வருஷம். எத்தனை ஃபீட்பேக் படிவம், எத்தனை 4.3. ஒருத்தரும் எனக்கு இதைச் சொன்னதில்ல.

அடுத்த வாரத்துலேர்ந்து கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணறேன். முதல் சில நாள் அந்த அமைதி தாங்க முடியல, ஏதோ தப்பா நடக்கற மாதிரி இருந்துச்சு. நாலாவது நாள் ஜன்னலோரப் பொண்ணு பதில் சொல்லுச்சு. தப்பான பதில்தான், ஆனா எந்த இடத்துல தப்பா புரிஞ்சிருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது, அது அவளோட தப்பு மட்டும் இல்ல, பாதி கிளாஸ் அப்படித்தான் புரிஞ்சு வச்சிருந்தாங்க, மறுநாள் அந்த யூனிட்டை முதல்லேர்ந்து எடுத்தேன்.

ஐக்யூஏசி அடுத்த மீட்டிங்ல ஃபீட்பேக் படிவத்தை மாத்தணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன். ஹால் டிக்கெட்டோட கட்டிப் போடக் கூடாது, கேள்வி அஞ்சு போதும், சராசரி யாரோட டேபிளுக்கும் போகக் கூடாது, அந்தந்த வாத்தியாருக்கு மட்டும் பசங்க எழுதினது போகணும்னு. என்ன சொல்லப் போறாங்கன்னு பார்க்கணும். டைம்டேபிள் வந்துடுச்சு, ஃபர்ஸ்ட் இயர் கால்குலஸ் இந்த தடவையும் மேடத்துக்குத்தான், செவ்வாய்க்கிழமை மூணாவது பீரியட். அந்த நேரம் எனக்கு ஃப்ரீயா இருக்கற மாதிரி பார்த்து மாத்தி வாங்கிட்டேன்.